திரையைப் பார்க்காமல் நடந்தேன்

அன்புள்ள இயக்குநர் அம்மாவுக்கு,

உன் வீட்டுச் சத்தக்காரி எழுதும் கடிதம். இங்கே நானும் உன் பெண் வாலுவும் நன்றாக இருக்கிறோம். குளியலறைக் குழாய்தான் சரியில்லை. நீ படப்பிடிப்புக்குக் கிளம்பிய மறுநாளே ஒழுக ஆரம்பித்துவிட்டது. அங்கே குளிர் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கேமராப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கும் வழக்கம் அங்கேயும் உண்டா என்பதையெல்லாம் நீயாக எழுதினால்தான் உண்டு. போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே "ம்" தான் பதில்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? காகிதத்துக்கு சிக்னல் வேண்டாம். பாதியில் மடித்து வைத்தாலும் மனசு கேட்காமல் மறுபடி பிரிப்பாய். பயப்படாதே, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. உட்கார்ந்து படி.

உன் படத்துக்குச் சத்தம் போடும் வேலையைத் தொடங்கிவிட்டேன். அதற்கு முன்னால் முழுப் படத்தையும் ஊமையாக ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். சாவி கொடுத்து ஓட்டும் அந்தச் சின்னக் கேமராவை நீ வருஷக்கணக்காக அலமாரி மேலும், ஃபிரிட்ஜ் மேலும், ஜன்னல் விளிம்பிலும் வைத்துவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது எல்லாம் வரிசையாக வருகிறது. இரண்டு பெண்கள். கழுத்துக்கு மேலே இருவருக்கும் ஒன்றும் கிடையாது. படுக்கை விரிப்பை மடிக்கிறார்கள். ஒரு தம்ளர் இரண்டு கைகளுக்கும் மாறி மாறிப் போகிறது. ஒருத்தி முதுகில் கிடக்கும் முடியை மற்றவள் வாருகிறாள், சீப்பு நிற்கிறது, ஒரு மூக்கு நுனியும் உதடும் படச்சட்டத்துக்குள் எட்டிப் பார்த்து, பின்கழுத்தைத் தொட்டுவிட்டுப் போகின்றன. அந்த இடத்தில் ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். வேறொன்றுமில்லை, உன் ஞாபகம்.

முகம் கூடாது, குரல் கூடாது, பெயர் கூடாது என்று மூன்று கட்டளைகள் போட்டுத்தானே நீ இந்தப் படத்தையே தொடங்கினாய். எல்லாம் வாலுவுக்காக. பெண்ணுக்கு ஒரு வேலை, ஒரு வாழ்க்கை அமையும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம், முக்கியமாக அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றாய். அவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது உன் மாடி அறைக்கு வாடகைக்கு வந்தவள் நான். ஒரு வருஷத்தில் மாடி அறை காலியானது. நான்தான் காலி செய்யவில்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சித்தி, ஊருக்கு உன் தோழி. இன்று அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறாள். கால் ஒடிந்தவர்களை நடக்க வைக்கிறாள். கட்டளை மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் போன படத்தைப் பற்றி எழுதிய அந்த விமர்சகர் ஞாபகம் இருக்கிறதா? தலையில்லாத உருவங்கள் நம் காலத்து மனிதனின் வெறுமையைக் காட்டுகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தாரே. அது நாம்தான் என்று உன் அண்ணன் கண்டுபிடித்துவிடக்கூடாதே என்று பயந்து வைத்த கோணம் என்று தெரிந்தால் அந்த மனுஷன் என்ன ஆவார்!

திரைப்பட விழாக்காரர்கள் இந்தப் படத்தை நம்மைப் போன்ற பால்புதுமையரின் படங்களுக்கான வரிசையில் போடலாமா என்று கேட்டதையும், அதற்கு நீ, வேண்டாம், வெறுமனே பரிசோதனைப் படம் என்று போடுங்கள், எடுத்தவர் பெயரும் வேண்டாம் என்று பதில் எழுதியதையும் எனக்கு அனுப்பியிருந்தாய். படித்தேன். கோபம் வரவில்லை. அன்று மத்தியானம் பசிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன். டயர் கடைக்குக் கீழே இருக்கும் நம் சத்த அறைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்குக் காதுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தப் பெயர் வைத்தவள் நான்தான்; என் வயிறு கூப்பிடுவதைக்கூட மைக்கில் கண்டுபிடித்து, "மேடம், சாப்பிட்டு வாங்க" என்று அனுப்புகிறவர். ஏ.சி.யை நிறுத்திவிட்டு, தரையில் சிமெண்டு, டைல்ஸ், சரளைக்கல், மரப்பலகை என்று கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருக்கும் இடத்தில் நின்று, திரையில் போகும் காலைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி நடப்பதுதான் என் பிழைப்பு. ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் நடக்க முடியும். இரண்டு பேர் சேர்ந்து போனால் முதலில் ஒருவருக்கு நடந்து பதிவு செய்ய வேண்டும், பிறகு மற்றவருக்கு.

முதலில் எனக்கு நானே நடந்தேன். கேட்டால் சிரிப்பாய், என் நடை எனக்கு வரவே இல்லை. கொலைகாரன், கல்யாணப் பெண், குடிகாரன் என்று ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நடந்த கால், என் காலுக்கு வந்ததும் தடுமாறுகிறது. காதுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு போலீஸ்காரர் வீட்டுக்குள் புகுந்த மாதிரி இருக்கிறது என்றார். திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டே நடந்து ஒருவழியாகச் சரி செய்தேன்.

அடுத்தது நீ. வீட்டிலிருந்து உன் பழைய ரப்பர் செருப்பைக் கொண்டுபோயிருந்தேன். விளக்கு மாட்டப் போய் நாற்காலியிலிருந்து விழுந்தாயே, அதிலிருந்து இடது காலை லேசாக இழுப்பாய் இல்லையா? அடுப்படிப் பக்கம் போகும்போது வேகம், அங்கிருந்து திரும்பும்போது என்னமோ யோசனை. செருப்பை மாட்டினேன், நடந்தேன், முடிந்தது. முதல் தடவையிலேயே எல்லாம் கச்சிதமாக விழுந்துவிட்டது. அடுத்த காட்சியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

காதுக்காரர் பதிவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கொஞ்சம் தயங்கினார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இந்தக் காலுக்கு மட்டும் நீங்க திரையையே பாக்க மாட்டேங்கறீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். உனக்கு நடந்த நேரம் முழுக்க நான் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்கிறேன். முகத்தை மறைத்தோம், குரலை மறைத்தோம், பெயரை மறைத்தோம், என் கால் போய்க் காட்டிக்கொடுத்துவிட்டது. பழக்கம்தான் என்று ஏதோ உளறினேன். அந்த மனுஷர் அதற்கு மேல் குடையவில்லை. தன் வீட்டுக்காரி நடை தனக்கும் அத்துப்படி, ஆனால் கேட்கத்தான் வரும், நடக்க வராது, பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். போகும்போது சிரித்துக்கொண்டே போனார். நல்ல சிரிப்பு.

அதே தைரியத்தில் தலை வாரும் காட்சியை எடுத்தோம். நீ அடுப்படியிலிருந்து சீப்போடு நடந்து வருகிறாய், என் பின்னால் நிற்கிறாய். உன் செருப்பில் நான் நடந்து வந்து நின்றேன். வெளியே சிவப்பு விளக்கு எரிகிறது, அதாவது யாரும் கதவைத் தொடக்கூடாது. கதவு படாரென்று திறந்தது. கையில் எனக்கு மத்தியானச் சாப்பாட்டோடு வாலு நிற்கிறாள்.

"அம்மா வந்துட்டாங்களா? என்கிட்ட ஏன் சொல்லல?"

வராந்தாவில் வரும்போதே உன் நடையைக் கேட்டிருக்கிறாள். அம்மா அங்கேயிருந்து திடீரென்று வந்துவிட்டாள் என்று நினைத்து ஓடிவந்திருக்கிறாள். உள்ளே பார்த்தால் நீ இல்லை. உன் செருப்பைப் போட்டுக்கொண்டு சித்தி நிற்கிறாள். பின்னால் பெரிய திரையில் சீப்பு நின்றுபோய், உதடு கழுத்துக்கு வருகிறது. காதுக்காரருக்கு நிறுத்தவும் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? இவர்கள் இரண்டு பேரும் நடிகைகள், வெளியூர், புதுசு என்றேன். குரலைக்கூட இயல்பாக வைத்துக்கொண்டேன் என்று எனக்கு ஒரு பெருமை வேறு. வாலு திரையைப் பார்த்தாள். அதில் நம் அடுப்படி. நம் ஃபிரிட்ஜ். அவள் சைக்கிளோடு வீட்டுக்குள் வந்து இடித்து நசுக்கிய பள்ளம் அதன் கதவில் பளிச்சென்று தெரிகிறது.

"ஃபிரிட்ஜும் நடிக்குதா சித்தி?" என்றாள்.

கண்ணாடிக்குப் பின்னால் காதுக்காரர் மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சரளைக்கல் கட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் சாப்பாட்டை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் சொன்னதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இத்தனை நேரம் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்குத் தெரியும். இன்று நேற்றல்ல, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்தே தெரியும். ஒருநாள் பள்ளி சீக்கிரம் விட்டு, சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்திருக்கிறாள். உன் கை என் மடியில் இருந்திருக்கிறது. அவளைப் பார்த்ததும் நாம் துள்ளி விலகியதில் பால் கொட்டியதாம். எனக்குப் பால் கொட்டியது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அவள் ஞாபகத்தில் இருப்பது உன் முகம்.

"அம்மா முகத்துல அன்னைக்கு இருந்த பயத்தை இன்னொரு தடவை பாக்க எனக்குப் பிடிக்கல சித்தி. அதான் அப்புறம் எப்பவும் சத்தமா நடந்தேன். நான் வர்றேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியட்டும்னு."

புரிகிறதா உனக்கு? அந்தத் திம் திம் நடை! பொம்பளைப் பிள்ளை வீடு இடிய நடக்கலாமா என்று நாம் மாறி மாறித் திட்டினோமே, அது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டாரே, அது. தட்டைப் பாதமாக இருக்குமோ என்று டாக்டரிடம் கூட்டிப்போய், அவர் விசேஷச் செருப்பு எழுதிக்கொடுத்து, அதைப் போட்டதும் இன்னும் பலமாகக் கேட்க ஆரம்பித்ததே, அதெல்லாம் நமக்காக நடந்த நடை. அந்த டாக்டர் அறையில் காலுக்குப் பயிற்சி கொடுப்பதைப் பார்த்துத்தான் இந்தப் படிப்பில் ஆசை வந்தது என்று வேறு சொல்லிச் சிரிக்கிறாள். அவளுக்குத் தெரியக்கூடாது என்று நாம் மறைத்தோம். தெரியும் என்பது நமக்குத் தெரியக்கூடாது என்று அவள் மறைத்திருக்கிறாள். நம் மூன்று பேரில் அவள்தான் ஒழுங்காக மறைத்திருக்கிறாள்.

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, இதற்கெல்லாம் அழுதால் மூட்டு வலிக்காரர்களை வைத்துக்கொண்டு நான் என்ன பாடு படுவேன் என்றாள். உன் வாய் அப்படியே.

பிறகு படத்தை முதலிலிருந்து போடச் சொல்லிப் பார்த்தாள். இங்கேதான் வேடிக்கை. உன் படத்தில் நடுநடுவே இரண்டு பேர் கைகளும் சட்டென்று பிரிந்துபோகின்றன, கவனித்திருப்பாய். விரிப்பை மடிக்கும்போது ஒரு தடவை, தம்ளர் மாறும்போது ஒரு தடவை, இப்படி நிறைய. காரணமே இல்லாமல் பிரிகின்றன. எந்தச் சத்தத்தைப் போட்டும் அந்த இடங்கள் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருந்தேன். அந்த இடம் வந்தபோது வாலு விரலை நீட்டி, "இது நான்" என்றாள். அடுத்தது வந்தது. "இதுவும் நான்." படம் நெடுக அவள் இருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் திம் திம்மென்று வந்துகொண்டே இருந்திருக்கிறாள். அவள் சத்தம் இல்லாமல் உன் படம் யாருக்குமே புரியாது; விமர்சகர்களுக்கு வேண்டுமானால் புரியலாம்.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? அவளுடைய ஆஸ்பத்திரி ஷூவைக் கழற்றச் சொல்லி, மரப்பலகைக் கட்டத்தில் நிற்க வைத்தேன். கைகள் பிரியும் ஒவ்வொரு இடத்துக்கும் சற்று முன்னால் அவள் நடக்க வேண்டும். முதல் மிதியிலேயே காதுக்காரரின் மீட்டர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அவர் காதைப் பொத்திக்கொண்டு, கட்டடத்துக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்கிறார். அவளுக்கு ஒரே குஷி. சாப்பாடு ஆறிப்போனது. டயர் கடையிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, கீழே எதை இடிக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். நாங்கள் மூன்று பேரும் பேச முடியாமல் சிரித்தோம். இவ்வளவு சிரித்து ரொம்ப நாளாயிற்று.

உன் அண்ணன் கேட்டால் என்ன சொல்வது என்று இந்த இடத்தில் நினைப்பாய். வாலுவிடம் கேட்டேன். அவள் சொன்ன பதிலைக் காகிதத்தில் எழுத முடியாது. அவள் வாழ்க்கைக்கு இடைஞ்சல் என்றும் நினைக்காதே. அவளோடு வேலை பார்க்கும் பையன் ஒருவன் இருக்கிறானாம். பழக ஆரம்பித்ததுமே, எனக்கு வீட்டில் இரண்டு அம்மா, சம்மதம் என்றால் மேலே பேசலாம் என்று சொல்லிவிட்டாளாம். அந்தப் பையனோ, அப்படியானால் யாரிடம் முதலில் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். பிழைத்துக்கொள்வான்.

இனி கடைசிக் காட்சி. வாலு பள்ளிச் சுற்றுலா போயிருந்த அன்று எடுத்தாயே, அது. கேமரா நடைவழியின் இந்தக் கோடியில் தரையில் இருக்கிறது. அறைக்குள்ளிருந்து நாம் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு அதை நோக்கி வருகிறோம். கால்களும் கோத்த கைகளும் மட்டும் தெரிகின்றன. படத்திலேயே அங்கே மட்டும்தான் கைகள் பிரிவதில்லை, ஏனென்றால் அன்று வீட்டில் அவள் இல்லை. அதைச் சொன்னதும் வாலு மறுபடி மரப்பலகைக் கட்டத்தில் போய் நின்றாள். பிறகு, இதிலும் நான் வருகிறேன், வேறு மாதிரி வருகிறேன் என்றாள். காதுக்காரர் ஓட்டினார். அவள் மெதுவாக, தன் பாட்டுக்கு நடந்து வந்தாள். தரையை அதிர மிதிக்காமல், யாருக்கும் எச்சரிக்கை கொடுக்காமல், சும்மா வீட்டுக்குள் வருகிற மாதிரி. திரையில் நம் கைகள் பிரியவில்லை. அவள் வந்துவிட்டாள், கைகள் அப்படியே இருக்கின்றன.

எவ்வளவு மெத்தென்ற நடை தெரியுமா நம் பெண்ணுக்கு? ஊரார் நடையை எல்லாம் காதில் வைத்துப் பிழைப்பவள் நான். இத்தனை வருஷம் கூடவே இருந்து வளர்த்த பிள்ளையின் சொந்த நடையை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். நீயும் கேட்டதில்லை. ஒரு தடவையாவது நீ கேட்க வேண்டும்.

அந்தக் காட்சிக்கு என் நடையைப் போட்டுவிட்டேன். இந்த முறை போலீஸ்காரர் வரவில்லை. உன்னுடையதையும் முடித்துவிடலாம் என்று காதுக்காரர் தயாராக இருந்தார். கண்ணை மூடினால் முடிந்துவிடும் வேலை. ஆனால் உன் செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டேன். மற்ற இடங்களில் எல்லாம் உனக்காக நான் நடந்தேன், அதில் எனக்குச் சந்தோஷம்தான். இதில் மட்டும் மாட்டேன். உன் நடைக்கான ஒலித்தடம் காலியாகத்தான் ஓடுகிறது. ஒரு பெண் தனியாக நடக்கும் சத்தம் கேட்கிறது. திரையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி சத்தமில்லாமல் வருகிறாள்.

முகத்தைக் காட்டு, பெயரைப் போடு, அந்த வரிசையில் போடு என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. அது உன் படம், உன் முடிவு. எதைச் சொன்னாலும் மனத்தாங்கல் இல்லாமல் செய்து தருவேன். விழாவுக்கு நீ திரும்பி வந்த பிறகும் நாள் இருக்கிறது. வந்து பெட்டியை இறக்கி வை, குளி, தூங்கு. அப்புறம் ஒரு நாள் எங்களோடு அந்த அறைக்கு வா. உனக்கு இந்த வேலை பழக்கமில்லை, திரையைப் பார்த்து நடக்க வராது, தெரியும். பரவாயில்லை. நான் எதிரில் நிற்கிறேன். என்னைப் பார்த்து நடந்து வா.

நீ பயமில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன்னுடையவள்.